அப்பத்தாவின் சிரிப்பை எழுதி வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பத்தா இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த மேலத்தெரு அப்பத்தா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துவிட்டார். எங்கள் அப்பத்தாவுக்கு அவர் மதினி முறை. "இந்தப் படியிலதான் என் செருப்ப ஒளிச்சு வச்சுட்டு, நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு ஊரணி வரைக்கும் என்னைய ஓட விட்டா" என்றார். சொல்லி முடித்ததும் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் "தங்கமான மனுசி", "எல்லாத்துக்கிட்டயும் கலகலன்னு பேசும்" என்றுதான் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வார்த்தைகளை எந்த வீட்டுத் துக்கத்திலும் சொல்லலாம். செருப்புக் கதை எங்கள் அப்பத்தாவைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது. அன்றிரவு அதை ஒரு நோட்டில் எழுதினேன். தலைத்திவசத்துக்குள் மூன்று நோட்டுகள் நிறைந்து, கடைசியில் அது ஒரு சிறு புத்தகமானது. அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை, இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். உங்கள் வீட்டில் ஆச்சி, அம்மாச்சி, அம்மாயி, அம்மம்மா என்று எப்படிக் கூப்பிட்டாலும் செய்முறை ஒன்றுதான்.

உங்கள் பாட்டி உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. கீழே உள்ளவற்றில் பாதியை அவரிடமே கேட்டுவிடலாம்.

முதல் 16 நாள்: ஒற்றை வரி போதும்

கருமாதி வரை உறவெல்லாம் வந்து போகும். அந்தக் கூட்டம் மறுபடி கூடாது. ஆனால் அப்போது யார் முகத்துக்கு முன்னும் போனை நீட்டாதீர்கள். ஒரு நோட்டை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காதில் விழும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரே வரி எழுதுங்கள்: சொன்னவர், அவருக்குப் பாட்டி என்ன முறை, அடையாளத்துக்கு ஒரு சொல். "மேலத்தெரு அப்பத்தா, மதினி, செருப்பு." இது போதும். விரிவாக அப்புறம் போய்க் கேட்கலாம்.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டேன். குணத்தைச் சொல்லும் வார்த்தையை நோட்டில் ஏற்றுவதில்லை, நடந்ததை மட்டும்தான் ஏற்றுவது. "ரொம்ப ஜாலியா இருப்பாங்க" என்று யாராவது சொன்னால், "அப்படி எங்க வச்சு, என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் புத்தகத்தில் பாதி கிடைத்தது.

இறந்தவரின் துணிமணிகளை உடனே கொடுத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் படம் எடுத்துவிடுங்கள், முந்தானை முடிச்சுகளை அவிழ்த்துப் பாருங்கள். சுருக்குப் பையை ஒரு வெள்ளை வேட்டியில் கொட்டி, உள்ளே இருந்ததை இருந்தபடியே படம் எடுங்கள். எங்கள் அப்பத்தாவின் பையில் கொட்டைப்பாக்கு, பாக்குவெட்டி, மூன்று சோழி, மஞ்சள் தடவிய ஒரு ரூபாய் நாணயம், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. அந்தச் சாவியைப் பற்றி மட்டும் ஐந்து பேர் ஐந்து கதை சொன்னார்கள்.

டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதம் எதையும் பழையது என்று தூக்கிப் போடாதீர்கள். மொய் நோட்டைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குரலைக் காப்பாற்றுவது

இதுதான் அவசர வேலை. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

பாட்டியிடம் செல்போன் இருந்ததா? "இனி எதுக்கு" என்று ரீசார்ஜை நிறுத்திவிடாதீர்கள். ப்ரீபெய்ட் எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் செயலற்றுக் கிடந்தால் பொதுவாக அழிக்கப்படும். அதற்குள் போனில் உள்ளதையெல்லாம் கணினிக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் குரல் பதிவுகளுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கிறது. அதை அப்படியே நகலெடுங்கள். ஓபஸ் என்ற வகையில் இருக்கும். விஎல்சி போன்ற பிளேயரில் ஓடும்.

அப்புறம் குடும்பத்தில் எல்லோரிடமும் கேளுங்கள். பாட்டி அனுப்பியது அவர் போனில் அழிந்திருந்தாலும், பெற்றுக்கொண்டவர் போனில் இருக்கும். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும் பேரன் பேத்திகளிடம்தான் நிறையக் கிடைக்கும், ஏனென்றால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர் குரல் பதிவு அனுப்பவேண்டிய தேவையே இருந்திருக்காது. கல்யாண வீடியோக்களை மறக்காதீர்கள். பழைய வீடியோ கேசட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவே ஒரு மூலையில் அவர் யாரையோ கேலி செய்துகொண்டிருப்பார். கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகள் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நாடா பூசணம் பிடிக்கும் முன் கொடுத்துவிடுங்கள்.

சேர்ந்தது எல்லாவற்றையும் மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள ஒருவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

வயதும் வருசமும்

எங்கள் அப்பத்தாவின் ஆதாரில் பிறந்த நாள் 1950 ஜனவரி 1. பிறப்புச் சான்று இல்லாத பெரியவர்கள் பலருக்கு இப்படி ஜனவரி 1 என்றுதான் பதிவாகியிருக்கும். அதை நம்பி எழுதினால் வாழ்க்கை முழுக்கத் தப்பாகிவிடும். பெட்டியில் கிடைத்த ஜாதகத்தில் "விய வருடம் ஆடி மாதம்" என்று இருந்தது. தமிழ் வருடங்கள் 60 ஆண்டுச் சுற்று. விய என்பது 1946 சித்திரை முதல் 1947 பங்குனி வரை. ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆக 1946. ஏறக்குறைய மூன்றரை வயது கூடிவிட்டது.

ஜாதகம் இல்லாவிட்டால் ஊரறிந்த நிகழ்ச்சிகளை ஒட்டிக் கேளுங்கள். "எந்த வருசம்?" என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "புயலுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்டால் பட்டென்று சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்குக் கைகொடுத்தவை இவை: வைகை அணை திறந்தது 1959, தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். அப்பத்தாவின் கல்யாணம் "தனுஷ்கோடி அழிஞ்ச மார்கழிக்கு அடுத்த வைகாசி" என்று ஒரு தாத்தா சொன்னார். 1965 மே அல்லது ஜூன். அப்போது அவருக்கு 18 வயது முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது. இவற்றோடு ஊருக்குக் கரண்டு வந்தது, முதல் பஸ் வந்தது, பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் போட்டது எல்லாம் சேரும்.

காசு பற்றிய பேச்சும் உதவும், ஆனால் கவனம் வேண்டும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். காலணா, அரையணாவுக்கு மிட்டாய் வாங்கித் தின்றதாகச் சொன்னால் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம் அல்லது அதை ஒட்டிய காலம். நாலணா, எட்டணா என்பதை வைத்துக் காலம் கணிக்காதீர்கள். 25 பைசாவையும் 50 பைசாவையும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மொய் நோட்டு இங்கேதான் வருகிறது. அதில் தேதி, ஊர், பெயர், தொகை எல்லாம் இருக்கும். யார் யாரோடு பாட்டிக்குப் போக்குவரத்து இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. சின்னத் தொகை எழுதியிருக்கும் வெளியூர்ப் பெண் பெயர்களைக் குறித்துக்கொண்டு தேடிப் போனேன். அவர்களில் இருவர் அப்பத்தாவோடு சிறுவயதில் ஆடு மேய்த்தவர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவர்களைத் தெரியாது.

போய்க் கேட்பது

பிள்ளைகளிடம் கடைசியாகக் கேளுங்கள். அவர்களுக்குப் பாட்டி என்பவர் தாய். அவரைப் பிள்ளையாகவும் குமரியாகவும் பார்த்தவர்கள் வேறு: கூடப் பிறந்தவர்கள், நாத்தனார், ஒன்றாகக் களையெடுத்த பெண்கள், தண்ணீர்க் குழாயடிச் சிநேகிதிகள். சந்தை பஸ்ஸின் கண்டக்டர், வெற்றிலைக் கடைக்காரர், மாத்திரை கொடுத்த நர்ஸ் ஆகியோரையும் விடாதீர்கள். வேடிக்கையான மனுசி என்றால் தெரியாதவர்களையும் சிரிக்க வைத்திருப்பார்.

முறை சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். "பாட்டி, உங்க அனுபவத்தப் பகிர்ந்துக்கங்க" என்றால் பேட்டி கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அப்பத்தா, ஒங்க ரெண்டு பேர்ல யாரு சேட்டை அதிகம்?" என்று கேட்டால் கால்நீட்டி உட்கார்ந்து பேசுவார்கள். எனக்குப் பலன் தந்த வேறு சில கேள்விகள்: கடைசியா ஒங்கள எப்பச் சிரிக்க வச்சாங்க? யார் யாருக்கு என்ன பட்டப்பேர் வச்சிருந்தாங்க? எதுக்குப் பயப்படுவாங்க? எவ்வளவு கேலி பண்ணாலும் எதைப் பத்தி மட்டும் கேலி பேச மாட்டாங்க?

கூடுமானால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் "ஏ, அது கெணத்தடியில்ல, களத்துமேட்டுல" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் புதுக் கதை பிறக்கும்.

பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மின்விசிறி சத்தம் குரலைத் தின்றுவிடும். வெயில் தாழ்ந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்தால் விசிறியே வேண்டாம். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மறுநாள் போகலாம். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நான் பொறுத்திருந்த இடங்களில்தான் நல்லவை வந்தன.

கேலியை எழுதுவது

இதற்குத்தான் நான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். கேலி பேசுவார் என்று மட்டும் எழுதினால் பாதி செத்துவிடும். முதலில் எழுதியது இப்படி இருந்தது: "அப்பத்தா நகைச்சுவை உணர்வு மிக்கவர். டாக்டரிடம்கூட வேடிக்கையாகப் பேசுவார்." இதில் அப்பத்தா இல்லவே இல்லை. திருத்தியது இது:

சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "இனிப்பு சாப்பிடக் கூடாது பாட்டி" என்றார். "சாப்புடலய்யா. வாயில போட்டு என்னன்னு பாப்பேன், அது தானா உள்ள போயிரும்" என்றார் அப்பத்தா, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இடம் எது, யாரிடம் சொன்னார், சொன்ன வார்த்தை எது, கேட்டவர் என்ன செய்தார் என்ற நான்கும் இருந்தால் கேலி நிற்கும். அவர் சிரித்துக்கொண்டே சொல்வாரா, சிரிக்காமல் சொல்வாரா என்பதையும் ஓரிடத்தில் எழுதிவிடுங்கள். அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். "என்னத்தா", "யாத்தே", "கூறுகெட்டவனே" என்றால் அப்படியே. நீங்கள் சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அவர் வாயிலிருந்து வருவது அவருடையதாக இருக்கட்டும்.

முறையை எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கேலி புரியாது. நம் ஊரில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மதினிக்கும் கொழுந்தனுக்கும் உண்டு, மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் உண்டு, பாட்டிக்கும் பேரனுக்கும் உண்டு. அண்ணன் தங்கைக்குள் அந்தப் பேச்சு கிடையாது. என்னை அப்பத்தா "ஏ புருசா, வெத்தல வாங்கிட்டு வா" என்றுதான் கூப்பிடுவார். நகரத்தில் வளர்ந்த என் அத்தை மகளுக்கு இதைப் படித்ததும் குழப்பம். பேரனைப் புருசன் என்பது பாட்டிமாருக்குள்ள உரிமை என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் சிரித்தாள்.

அதேபோல்தான் மஞ்சத்தண்ணி. ஊர்த் திருவிழா முடிவில் முறைப்பையன்கள் மேல் பெண்கள் மஞ்சள்நீர் ஊற்றுவார்கள். அப்பத்தா 70 வயதில், வெள்ளை வேட்டி கட்டித் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் மாமன் மகன் தலையில் ஒரு குடம் ஊற்றினார். "அம்பது வருசத்துப் பாக்கி" என்றாராம். அந்தத் தாத்தா அந்த வேட்டியைக் கட்டாமல் மடித்து வைத்திருக்கிறார், கறையோடு.

பச்சையான பேச்சு வரும். பாட்டிமார் பேச்சில் அது இல்லாமல் இருக்காது. வெட்டிவிட்டால் அவர் பொய்யாகிவிடுவார் என்பது என் கருத்து. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரை நோகடிக்கும் பட்டப்பெயர் வேறு விஷயம். உரியவரிடம் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட்டேன்.

விளையாட்டும் கைப்பக்குவமும்

பாட்டி ஆடிய ஆட்டத்தின் வீட்டு விதிகளை எழுதுங்கள். பல்லாங்குழிக்கு 14 குழி என்பது பொது. குழிக்கு 5 முத்தா 6 முத்தா, நான்கு சேர்ந்தால் "பசு" யாருக்கு என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தாயக்கட்டத்தை அவர் தரையில் எப்படிப் போடுவார் என்று கூட ஆடியவர்களைச் சாக்பீஸில் போடச் சொல்லிப் படம் எடுங்கள். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். எங்கள் அப்பத்தாவுக்கு அது விழாமல் இருந்ததே இல்லை. கட்டை உருண்டு நிற்கும் நேரம் பார்த்து முந்தானை தற்செயலாக அதன் மேல் விழும். அவர் சிநேகிதிகள் இருவரை ஆட வைத்து வீடியோ எடுத்தேன். அதில் ஒருவர் அந்த முந்தானை வீச்சைச் செய்து காட்டினார். எழுத்தில் அதைக் கொண்டுவர முடியவில்லை.

சமையலில் சிக்கல் அளவுதான். 8 ஆழாக்கு ஒரு படி என்பார்கள், ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. அவர் புழங்கிய படியையும் ஆழாக்கையுமே எடுத்து, அரிசியையும் உளுந்தையும் அளந்து தராசில் போட்டு கிராமில் எழுதுங்கள். தலைதட்டி அளப்பாரா, கோபுரமாக அளப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பட்டிப் பணியாரத்துக்கு "ஒரு கைப்பிடி" என்று அப்பத்தா சொல்வது எவ்வளவு என்று தெரியவில்லை. அவர் வளையல் யார் கைக்குச் சரியாகச் சேர்ந்ததோ அந்தச் சின்ன அத்தையை அள்ளச் சொல்லி எடை போட்டோம். பணியாரம் சரியாக வந்தது.

படங்கள்

சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பெரியவற்றுக்கு 300 போதும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். போனில் எடுப்பதானால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சிலால் லேசாக எழுதலாம். படத்தில் உள்ள எல்லோர் பெயரையும் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அழுத பக்கம்

சிரிக்க வைத்தவர் என்பதால் சிரிப்பை மட்டும் எழுதினால் அவருக்குக் குறை செய்தவர்களாவோம். அப்பத்தாவுக்கு ஒரு குழந்தை ஒன்றரை வயதில் தவறியது. அதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. தெரிந்தது ஒப்பாரியில். அவர் சாவுக்கு மாரடித்துப் பாடிய பெண்களில் ஒருவர், பிறந்த வீடு, வாழ வந்த வீடு, பறிகொடுத்த பிள்ளை என்று வரிசையாகப் பாடினார். இறந்தவரின் வாழ்க்கையை ஒப்பாரி சொல்பவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அன்று பதிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, வெற்றிலை பாக்கோடு போய்க் கேளுங்கள். சில பெண்கள் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள். அதை மதித்து, பொருளை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரே பத்தி எழுதினோம். அப்பத்தா எந்தக் கைக்குழந்தையையும் கேலி பேசியதில்லை என்ற தகவல் அதன் பிறகு எங்களுக்கு வேறு மாதிரிப் புரிந்தது.

புத்தகமும் தலைத்திவசமும்

காலவரிசையில் எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். முன்னால் ஒரு பக்கத்தில் வருடங்களையும் வம்ச வரிசையையும் கொடுத்துவிட்டு, மீதியை இடம் இடமாகப் பிரித்தோம்: கிணத்தடி, களம், அடுப்படி, பஸ், ஆஸ்பத்திரி. ஒவ்வொரு சம்பவமும் அரைப் பக்கம் முதல் ஒரு பக்கம். பெரியவர்கள் படிக்க எழுத்து 14 புள்ளி அளவில் இருக்கட்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், எங்களுடையது 48. டவுன் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துத் தந்தார்கள். குரல் பதிவுகளுக்கு ஒரு க்யூஆர் கோடு போடலாம், ஆனால் அந்தச் சுட்டி என்றாவது செத்துப்போகும். பென் டிரைவிலும் கொடுத்துவிடுங்கள்.

தலைத்திவசத்தை மாதமும் திதியும் பார்த்து வைப்பார்கள், ஆங்கிலத் தேதியில் வராது. அச்சு வேலையை அதற்கு ஒரு மாதம் முன்பே முடியுங்கள். படையலில் வெற்றிலை பாக்கும் காராச்சேவும் பணியாரமும் வைத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எழுந்து நின்று பேசவில்லை. தாயக்கட்டை உருண்டது, சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் வாசித்தார்கள்.

புத்தகத்தில் கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். ஒரு பிரதியைத் திண்ணையில் வைத்து, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் அதில் முதலில் எழுதியவர் சித்தப்பா. "செருப்பை ஒளிச்சது நான். அப்ப எனக்கு எட்டு வயசு. அடி விழும்னு ஆத்தா பழியத் தான் ஏத்துக்கிட்டு நாய்க் கதையும் கட்டுச்சு."

முதல் கதையைத் திருத்தவில்லை, அடுத்த அச்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடப்போகிறோம். மேலத்தெரு அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சித்தப்பா எழுதியதை இரண்டு தடவை படித்தார். "நாப்பது வருசம் ஆச்சு" என்றார். "அவ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."